கட்டிலில் கிடப்பவரின் தம்பி

ஹரோ, லண்டன்

அன்புள்ள மருமகளுக்கு,

இதயநோய்ப் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் நிற்கிறாய். ஸ்டென்ட் வைக்கும் வேலையோடு போவதா, வருமுன் காக்கும் பக்கம் திரும்புவதா என்று இரண்டு மனமாக இருக்கிறாயாம். அக்கா சொன்னார். இரண்டாவதை எடுத்தால் பிள்ளை பெரிய டொக்டராக வரமாட்டாளோ என்று கவலையும் பட்டார். அவருக்குப் பதில் சொல்லிவிட்டேன். உனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் நீளம், அதுதான் எழுதுகிறேன்.

ஸ்டென்ட் வைப்பவர்களைக் குறைவாக எண்ணிக்கொண்டு இந்தப் பக்கம் வராதே. அடைபட்ட குழாயை நேரத்துக்குத் திறந்துவிடும் கை உயிர் காக்கும் கை. ஆனால் அந்தக் கை தொடுவது கட்டிலில் கிடக்கும் ஒருவரை மட்டும். அவருக்கு ஒரு தம்பி இருக்கிறான், அக்கா இருக்கிறார், படிக்கிற மகன் இருக்கிறான். அதே இரத்தம், அதே அடுப்படி, பல வேளைகளில் அதே வேலைநேரம். நாற்பத்தைந்து வயதில் ஒருவர் மாரடைப்போடு வந்தால், பிழைத்துக்கொண்டார் என்று எல்லோரும் ஆறுதலோடு வீடு திரும்புகிறார்கள். கட்டிலருகே நின்ற அந்தத் தம்பியின் இடுப்பை யாரும் அளப்பதில்லை. குடும்ப வைத்தியனாக இந்த ஊரில் இருந்த காலமெல்லாம் நான் கண்ட பெரிய குறை இதுதான். நீ போனால் அந்தத் தம்பிக்காகப் போ.

நம் தெற்காசிய ஆட்களுக்கு இதயநோய் அதிகம் என்பது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி இல்லை. 1959இலேயே இரண்டு கட்டுரைகள் வந்துவிட்டன. சிங்கப்பூரில் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளை ஆராய்ந்த டி. ஜே. தனராஜும் கூட்டாளிகளும், அங்குள்ள சீனரைவிட இந்தியரிடம் இதயக்குழாய் நோய் பல மடங்கு அதிகம் என்று எழுதினார்கள். தனராஜ்தான் பின்பு மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் முதல் பீடாதிபதி. அதே ஆண்டு கம்பாலாவிலிருந்து ஷேப்பரும் ஜோன்ஸும், உகண்டாவின் ஆசியரிடம் இந்த நோய் தாராளமாக இருக்க, ஆபிரிக்கரிடம் காண்பதே அரிது என்று எழுதினார்கள். எண்பதுகளின் கடைசியில் இங்கே சவுத்தோலில் பெரிய ஆய்வு தொடங்கியது. வயிற்றைச் சுற்றிய கொழுப்பும், இன்சுலின் சரியாக வேலை செய்யாமையும் நம் ஆட்களிடம் சேர்ந்தே இருப்பதை 1991இல் மக்கீகும் மற்றவர்களும் காட்டினார்கள். இவ்வளவு தெரிந்திருந்தும் நம் வீடுகளில் செய்தி போய்ச் சேரவில்லை. அந்தத் தூரத்தைக் குறைப்பது ஒரு டொக்டரின் முழு ஆயுளுக்கும் போதுமான வேலை.

'எல்லாம் பரம்பரை, என்ன செய்யலாம்' என்று உன்னிடம் வருபவர்கள் சொல்வார்கள். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வை ஆறுதலாக இருந்து படி. முதல் மாரடைப்பு தெற்காசியருக்கு நடுக்கணக்கில் 53 வயதில், மற்றவர்களுக்கு 59 வயதில் வருகிறது. ஆனால் ஆபத்தோடு தொடர்புள்ளவை எல்லா நாட்டாருக்கும் பொதுவான ஒன்பது காரணிகள்தான்: புகை, கொலஸ்ட்ரோல், பிரஷர், சலரோகம், தொந்தி, மனச்சுமை, மரக்கறி பழம் போதாமை, உடலசைவு இல்லாமை, மதுப்பழக்கம். நம்மிடம் இவற்றில் பல முந்தி வந்து சேர்கின்றன. முந்தி வருவதை முந்திப் போய்ப் பிடிக்கலாம் என்பதுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது.

ஆனால் இங்கே அரசாங்கம் கூப்பிட்டுச் செய்யும் இலவச உடற்பரிசோதனை 40 வயதில்தான் தொடங்குகிறது. இதயநோய் ஆபத்தைக் கணிக்கும் கியூரிஸ்க் கணக்கில் இனத்தையும் சேர்த்திருக்கிறார்கள், நல்லது. அது அடுத்த பத்து வருட ஆபத்தைத்தான் சொல்லும். அதில் வயதுக்கே பெரிய பங்கு. 34 வயதுக்காரன் கொலஸ்ட்ரோல் கூடி, தொந்தியோடு, தகப்பனை ஐம்பதில் இழந்து வந்து நின்றாலும் சின்ன எண்ணைத்தான் காட்டும். அந்த எண்ணை மட்டும் பார்த்து அவனை வீட்டுக்கு அனுப்பாதே.

இடுப்பை அளக்க நீயே பழகு, தாதியிடம் விட்டுவிடாதே. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே நாடாவை வை. மூச்சை விட்டு முடிக்கும்போது அள. ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் கதைக்க வேண்டும். 'பத்து வருடமாக அதே காற்சட்டை அளவுதான் டொக்டர்' என்பார்கள். உண்மைதான், பெல்ட் தொப்புளுக்குக் கீழே இறங்கியிருக்கும். மெலிந்தவர் என்று தோற்றத்தை நம்பாதே. பூனேயின் யாக்னிக்கும் லண்டனின் யூட்கினும் 2004இல் தங்கள் இருவரையுமே அளந்து வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறைச் சுட்டெண் 22.3. உடற்கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. நம் ஆட்களுக்குக் காட்டி விளக்க இதைவிட நல்ல படம் எனக்குக் கிடைக்கவில்லை.

புத்தகத்தில் இல்லாத பகுதிக்கு வருகிறேன். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள். இரவு இரண்டு மணிக்கு ரோல்ஸும் பால்தேத்தண்ணியும். விடிய வீட்டுக்கு வந்து, மனைவி வைத்துவிட்டுப் போன சோற்றைச் சாப்பிட்டு உடனே படுக்கை. பின்னேரம் எழும்பி இரண்டாவது வேலை. இவரிடம் 'உடற்பயிற்சி செய்யுங்கள்' என்று தாளில் எழுதிக் கொடுப்பது வைத்தியம் ஆகாது. எத்தனை தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை கரண்டி சீனி என்று கேள். படுக்கப் போகும் முன் சோறு வேண்டாம், பருப்பும் கீரையும் மீனும் போதும் என்று மனைவியையும் வைத்துக்கொண்டு சொல். வேலைக்கு இரண்டு தரிப்பு முந்தி இறங்கி நடக்கச் சொல். ஒரு முறைக்கு ஒரு மாற்றம், அடுத்த முறை அதைக் கேள். வெம்பிளிக் குஜராத்திக் குடும்பங்கள் பல மீன்கூடத் தொடாதவை. சைவம் என்பதால் நோய் விலகிப் போகவில்லை. அவர்களின் அடுப்படியையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பெண்களிடம் பிள்ளைப்பேற்றைப் பற்றிக் கேட்க மறக்காதே. கர்ப்பகாலத்தில் சலரோகமோ பிரஷரோ வந்திருந்தால், பிற்காலத்தில் இதயநோய்க்கு அது முன்னெச்சரிக்கை. அதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்துவிட்டு டொக்டர்மார் மறந்துவிடுகிறார்கள். நெஞ்சு வலித்தால் 'கஸ்ட்ரிக்' என்று சொல்லி இஞ்சித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பவர்களும் பெரும்பாலும் பெண்கள்தான். வலி கைக்கோ தாடைக்கோ போனால், வியர்த்தால், 999ஐக் கூப்பிட வேண்டும் என்று தமிழிலேயே, திரும்பத் திரும்பச் சொல்.

கொலஸ்ட்ரோல் குளிசையை 'குறைந்துவிட்டது, நிறுத்திவிட்டேன்' என்பார்கள். கோபப்படாதே. குளிசையால்தான் குறைந்தது, நிறுத்தினால் ஏறும் என்று இரண்டு இரத்தப் பரிசோதனைத் தாள்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டு. மனச்சுமை என்ற தலைப்பை மட்டும் அவசரமாகத் தாண்டிவிடாதே. இலங்கைப் போர் முடிந்த 2009க்குப் பிறகு ஒழுங்காக நித்திரை கொள்ளாத ஆட்கள் எங்களிடையே இருக்கிறார்கள். யாரை இழந்தார்கள் என்று கேட்டால்தான் பிரஷர் ஏன் இறங்கவில்லை என்பது விளங்கும். அதற்குப் பத்து நிமிடம் போதாது. கோவில் மண்டபத்தில், குருத்வாராவில், பள்ளிவாசலில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து பார். ஆஸ்பத்திரியில் வாய் திறக்காதவர்கள் அங்கே திறப்பார்கள்.

இந்த வழியில் வசதி குறைவு. நீ காப்பாற்றியவர்கள் உன்னிடம் வந்து நன்றி சொல்லமாட்டார்கள், தங்களுக்கு என்ன வராமல் போனது என்று அவர்களுக்கே தெரியாது. அதைத் தாங்கிக்கொள்ள முடியுமா என்று உன்னை நீயே கேட்டுப் பார். முடியும் என்றால் யோசிக்காமல் எடு. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, மாரடைப்பு வந்தவரின் உடன்பிறப்புகளையும் பிள்ளைகளையும் கூப்பிட்டுப் பார்க்கும் கிளினிக் அங்கே இருக்கிறதா என்று கேள். இல்லையென்றால், தொடங்க விடுவார்களா என்று கேள்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அத்தானுக்கு, உன் அப்பாவுக்கு, 49 வயதில் மாரடைப்பு வந்தது. அப்போது நீ ஏ லெவல் படித்துக்கொண்டிருந்தாய், உன் தம்பி அதிலும் சின்னவன். இப்போது அவனுக்கு 28, கணினி முன்னாலேயே இருந்து செய்யும் வேலை. 1963இல் நோர்வேயின் கோரே பேர்க் கண்டறிந்த லைப்போபுரோட்டீன்-ஏ என்ற இரத்தக் கொழுப்பு உனக்குத் தெரியும். பரம்பரையாக வருவது, நம் ஆட்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குக் கூடியிருப்பது, பெரும்பாலும் ஆயுளில் ஒருமுறை பார்த்தால் போதும். குடும்ப வைத்தியர்கள் அதை வழமையாக எடுப்பதில்லை, கேட்டு வாங்கவேண்டும். தம்பியையும் கூட்டிக்கொண்டு போய் இருவரும் இரத்தம் கொடுங்கள். அதோடு எல்டிஎல் கொலஸ்ட்ரோல், சலரோகத்துக்குப் பார்க்கும் எச்பிஏ1சி, பிரஷர், இடுப்பளவு எல்லாவற்றையும் எழுதி எனக்கு அனுப்பு. நேர்முகத்துக்கு என்ன ஆயத்தம் செய்வது என்பதை அதன் பிறகு பேசுவோம்.

அன்புடன்,
மாமா