பள்ளத்தாக்குகளின் நாடு - டாலர்னா

ஐரோப்பாவின் வடபகுதியில் உள்ள சுவீடன் நாட்டில் 25 பழைய மாகாணங்கள் உண்டு. 1634-ஆம் ஆண்டிலேயே ஆட்சிப் பொறுப்பு மாவட்டங்களின் கைக்குச் சென்றுவிட்டது. ஆயினும் மாகாணங்களின் பெயர்களை மக்கள் இன்றுவரை மறக்கவில்லை. அவற்றுள் ஒன்றே டாலர்னா. 'பள்ளத்தாக்குகள்' என்பது இப்பெயரின் பொருளாகும்.

டாலர்னா சுவீடனின் நடுப்பகுதியில், மேற்கே நார்வே எல்லையைத் தொட்டவாறு அமைந்துள்ளது. வடமேற்கில் உயர்ந்த மலைகளும் மற்ற இடங்களில் அடர்ந்த காடுகளும் காணப்படுகின்றன. மேற்கு டால், கிழக்கு டால் என்னும் இரண்டு ஆறுகள் ஒன்று சேர்ந்து டால் ஆறாகி, பாத்னியா வளைகுடாவில் கலக்கின்றன. ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கு ஒரு பெரிய விண்கல் விழுந்தது. அதனால் 50 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அகலமுள்ள பள்ளம் உண்டாயிற்று. அதன் விளிம்பில்தான் அழகிய சில்யான் ஏரியும் வேறு சில ஏரிகளும் வளையம்போல் அமைந்துள்ளன.

1520-ஆம் ஆண்டு டென்மார்க் மன்னர் இரண்டாம் கிறிஸ்டியன் ஸ்டாக்ஹோம் நகரில் எண்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார். தந்தையை அங்கே பறிகொடுத்த குஸ்டாவ் வாசா என்ற இளைஞர் டாலர்னாவுக்கு வந்து உதவி கேட்டார். மோரா ஊர் மக்கள் முதலில் தயங்கினர். அவர் மனம் உடைந்து நார்வேயை நோக்கிச் சென்றார். பின்னர் மக்கள் மனம் மாறி, பனிச்சறுக்கில் வல்ல இருவரை அனுப்பி அவரைத் திரும்ப அழைத்து வந்தனர் என்று வழிவழியாகக் கூறுவர். அவர்களின் துணையுடன் போரிட்டு, 1523 ஜூன் 6-ஆம் நாள் அவர் மன்னரானார். இதன் நினைவாக 1922 முதல் சேலன் பகுதியிலிருந்து மோரா வரை 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டி நடைபெற்று வருகிறது.

டாலர்னாவின் செல்வம் ஃபாலூன் நகரின் செப்புச் சுரங்கமாகும். பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குத் தேவையான செம்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இங்கிருந்தே கிடைத்தது. முப்பதாண்டுப் போரில் சுவீடனின் படைச் செலவுக்கும் இச்செம்பு உதவியது. 1687-ஆம் ஆண்டு நடுக்கோடைத் திருநாளையொட்டிச் சுரங்கத்தின் பெரும்பகுதி இடிந்து விழுந்தது. விடுமுறையாதலால் ஒருவரும் இறக்கவில்லை. சுரங்கக் கழிவு மண்ணிலிருந்து செய்யப்படும் சிவப்பு வண்ணமே சுவீடன் நாட்டு மரவீடுகளுக்கு அழகூட்டுகிறது.

ஆனால் அச்செம்பை வெட்டியெடுத்த ஏழைத் தொழிலாளரின் பெயர்களை யார் அறிவார்? 1719-ஆம் ஆண்டு நீர் நிறைந்திருந்த பழைய சுரங்க வழியொன்றில் ஓர் இளைஞனின் உடல் கிடைத்தது. நீரில் இருந்த துத்தத்தினால் அது சிறிதும் அழியவில்லை. அவன் யாரென்று எவருக்கும் தெரியவில்லை. அப்போது முதுமை எய்திய ஒரு பெண் வந்து பார்த்தாள். 1677-ல் காணாமற்போன மாட்ஸ் இஸ்ரேல்சன்தான் அவன் என்றாள். அவள் அவனுக்கு மணம் பேசப்பட்டிருந்தவள். நாற்பத்திரண்டு ஆண்டுகள் கடந்தும் அவன் முகம் மாறவில்லை. அவள் முகமோ மாறிவிட்டது! பல ஆண்டுகள் காட்சிப் பொருளாக வைக்கப்பட்டிருந்த அவ்வுடல், 1930-ல்தான் இறுதியாக நல்லடக்கம் செய்யப்பட்டது.

1992-ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. 2001-ல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இதற்கிடையே இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. இப்பகுதி அதுவரை 'செப்பு மலை' என்று பொருள்படும் பெயருடைய மாவட்டமாக இருந்தது. 1997-ல் அப்பெயர் நீக்கப்பட்டு, டாலர்னா என்ற பழைய பெயரே மாவட்டத்துக்கும் சூட்டப்பட்டது.

செம்பு தீர்ந்தது, அதன் பெயரும் போயிற்று. பள்ளத்தாக்கும் அதன் மக்களும் நிலைத்திருக்கின்றனர். தோழியரே, ஒரு நாட்டின் வரலாற்றைப் படிக்கும்போது அரசர்களின் பெயர்களோடு, பெயர் தெரியாத உழைப்பாளரையும் நினைவில் கொள்வோமாக!