அறுகம்பையில் ஒரு களவு, ஒரு காதல்: சிரிப்பு மர்ம நாவல் எழுத வழிகாட்டி

அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் குவார்ட்சைட் என்றொரு சிற்றூர். குளிர்காலம் பிறந்தால் ஓய்வுபெற்றவர்கள் வீடு போன்ற வண்டிகளோடு வந்து, வெயில் காய்ந்தபடி மாதக்கணக்கில் தங்குவார்கள். அப்படியொரு வண்டித் தங்குமிடத்தில் ஒரு களவு, துப்பறியும் இருவர், அவர்களுக்குள் காதல், பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு: இவ்வகை நாவல்களுக்கு ஆங்கிலத்தில் நிலையான வாசகர்கள் உண்டு. கிழக்கிலங்கையின் வீரமுனையிலோ கல்முனையிலோ இருந்து தமிழில் இதை எழுத நினைப்பவர் அரிசோனாவைக் கற்பனை செய்து களைக்க வேண்டாம். வேண்டிய களமான அறுகம்பை, பொத்துவில் பஸ் ஏறினால் எட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

1. முதலில் முன்னோடிகளைப் படியுங்கள்

இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படும், சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’ (1885) களவுபோன ஓர் எகிப்தியக் குழந்தையின் கதை. மர்மமும் காதலும் நமது நாவலோடு கூடவே பிறந்தவை. தேவனின் ‘துப்பறியும் சாம்பு’ அசட்டுத்தனத்தாலேயே வழக்குகளை வெல்கிறவர். சிரிப்பு பாத்திரத்திலிருந்து வரவேண்டும் என்பதை அவரிடம் கற்கலாம். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜெயந்தி ஆகிய இணைகளிடம் சீண்டலும் விசாரணையும் ஒரே உரையாடலில் ஓடும் விதத்தைக் கவனியுங்கள்.

2. களத்தைச் சுருக்குங்கள்

அறுகம்பையில் ஏறக்குறைய ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை அலைச்சறுக்குப் பருவம். ஆறு கபானாக்கள் (குடில்கள்) கொண்ட ஒரு விடுதி போதும். முதலாளி, சமையல்காரர், ஓட்டோக்காரர், வெளிநாட்டுப் பயணி, கொழும்பிலிருந்து வந்த குடும்பம் என்று ஒருவரையொருவர் அறியாதவர்கள் ஒரே முற்றத்தில் தேத்தண்ணி குடிக்கிறார்கள். யார் எப்போது வந்தார் என்பதைப் பதிவுப் புத்தகம் சொல்லும். அருகே மணல்மேடுகளும் இருப்பதால், பாலைவனம் வேண்டுமென்றால் அதுவும் கைக்கெட்டும் தூரம்தான்.

3. குற்றத்தை அளந்து வையுங்கள்

1990 ஓகஸ்டில் வீரமுனைக் கோயிலில் தஞ்சம் புகுந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். போர்க்காலத்தில் காணாமல் போனவர்களை இன்னும் தேடும் குடும்பங்கள் இந்தக் கரை முழுவதும், எல்லாச் சமூகங்களிலும் இருக்கின்றன. ஆகவே கொலையையோ ஆள் காணாமல் போவதையோ சிரிப்புக்கதையின் முடிச்சாக்காதீர்கள். தொலைந்த மோதிரம், மாறிப்போன பயணப்பெட்டி, போலிக் காணி உறுதி போன்றவை போதும்.

4. ஒரே பொய், இரண்டு வேலை

இவ்வகைக் கதையின் உயிர் இங்கேதான். மர்மத்தையும் காதலையும் தனித்தனிக் கயிறாக ஓட்டினால் இரண்டும் தொய்யும். ஓர் எடுத்துக்காட்டு: ஜூன் மாதம். மோதிரம் காணாமல் போகிறது. விடுதியில் தங்கிய இளைஞன், “வயல் அறுவடை பார்க்க வந்தேன்” என்கிறான். கணக்கு எழுதும் பெண் வீரமுனை விவசாயியின் மகள். பெரும்போகம் வெட்டி முடிந்து மாதங்களாகிவிட்டன, சிறுபோகம் ஓகஸ்ட் அளவில்தான் அறுவடைக்கு வரும் என்று அவளுக்குத் தெரியும். உடனே அவன்மேல் சந்தேகம். அவன் பொய் சொன்னது உண்மைதான், ஆனால் அவன் மறைத்தது களவை அல்ல, அவளைப் பார்க்க வந்ததை. வாசகர் களவைத் தேடும்போதே காதலைக் கண்டுபிடிக்கிறார்.

5. யாரைப் பார்த்துச் சிரிப்பது?

பேச்சுவழக்கையோ மார்க்கத்தையோ கேலியாக்காதீர்கள். ‘வாப்பா’ என்று அழைப்பவரும் ‘அப்பா’ என்று அழைப்பவரும் ஒரே பக்கத்தில் இயல்பாகப் பேசட்டும். முதலாளியின் கஞ்சத்தனம், துப்பறிபவரின் வீண் தன்னம்பிக்கை, எல்லாம் தெரிந்த ஓட்டோக்காரரின் தவறான ஊகம் ஆகியவற்றிலிருந்து சிரிப்பை எடுங்கள்.

6. வேலையை விடாதீர்கள்

சித்திலெப்பை சட்டத்தரணி, தேவன் பத்திரிகை ஆசிரியர், கணேஷ்–வசந்த் இணையைத் தந்த சுஜாதா பொறியியலாளர். எழுத்து அவர்களுக்குத் தொழிலோடு தொழிலாக நடந்தது. நாளுக்கு 300 சொல் எழுதினால் 40,000 சொல் நாவல் ஐந்து மாதத்துக்குள் முடிந்துவிடும். முதலில் ஒரு சிறுகதையை வாரப் பத்திரிகைக்கு அனுப்பிப் பெயரை அறிமுகப்படுத்துங்கள்.

7. உரிமையைக் காத்துக்கொள்ளுங்கள்

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது. உங்கள் காலத்துக்குப் பின்னும் 70 ஆண்டுகள் நீடிக்கும். நூலுக்கான சர்வதேசத் தர நூல் எண்ணைத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் பெறலாம். பிரதிலிபியும் கிண்டிலும் தமிழ்ப் படைப்புகளை ஏற்கின்றன. எங்கே கொடுத்தாலும் எழுத்து மூல ஒப்பந்தம் இல்லாமல் கொடுக்காதீர்கள். திரைப்பட உரிமையைத் தனியாகப் பேசுங்கள்.

அச்சகத்துக்குப் போகுமுன் கையெழுத்துப் பிரதியை வீரமுனையில் ஒரு தமிழருக்கும் பக்கத்துச் சம்மாந்துறையில் ஒரு முஸ்லிமுக்கும் வாசிக்கக் கொடுங்கள். இருவரும் ஒரே இடத்தில் சிரித்தால் நாவல் தயார். ஒருவர் மட்டும் சிரித்தால் அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதுங்கள்.