சிரட்டை நிறையும் மரம்

கேள்வி: இயற்கைத் தேர்வு புதியதை உண்டாக்குகிறதா, இருப்பதைக் காப்பாற்ற மட்டும் செய்கிறதா?
– வாசகர், ருவான்வெல்லை

பதில்: உங்கள் ஊரில், விதையில் முளைத்த ரப்பர் மரங்களில் பால் வெட்டிய பெரியவர்களைக் கேளுங்கள். ஒரு மரம் சிரட்டை வழியப் பால் தரும். பக்கத்து மரம் அடியை நனைப்பதோடு சரி. இந்த வேறுபாட்டைத் தேர்வு உண்டாக்கவில்லை. மரபணு மாற்றமும் மகரந்தக் கலப்பும் தந்தது அது. ஒட்டுக்கட்டிய மலையிலோ எல்லாம் ஒரே மரத்தின் நகல். அங்கே எவ்வளவு பொறுக்கினாலும் புதிதாக ஒன்றும் கிடைக்காது.

அதற்காகத் தேர்வை வெறும் காவற்காரன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அகலவத்தை ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் ஆர்.ஆர்.ஐ.சி. 100 ரகத்தைப் பாருங்கள். ஆர்.ஆர்.ஐ.சி. 52, மலாயாவின் பி.பி. 83 இரண்டையும் கலந்து பிறந்தது. 1876இல் ஹெனரத்கொடைக்கு வந்த கன்றுகளில் அப்படியொரு மரம் இல்லை. பொறுக்கியதையே கலந்து, மறுபடி பொறுக்கியதால் வந்த சேர்க்கை அது.

காட்டில் பொறுக்கும் கை கிடையாது. பிழைத்து, பிள்ளை பெருக்குவதே பொறுக்கல். கண் ஒரே மாற்றத்தில் வந்துவிடாது. வெளிச்சத்தை உணரும் ஒரு சின்னப் புள்ளி உதவி, அந்த வம்சம் பெருகி நின்றால்தான், அடுத்த மாற்றம் அதன்மேல் விழ வாய்ப்பு உண்டு. அந்த வாய்ப்பைப் பெருக்கித் தருவது தேர்வுதான்.