தந்தை இருக்கும்போதே பார்க்க வேண்டிய தாள்கள்

கேள்வி: தலைமைக் காவலராக ஓய்வு பெற்ற என் தந்தை படுக்கையில் இருக்கிறார். அவர் காலமானால் அடக்கச் செலவுக்கு அரசு பணம் தருமா? துப்பாக்கி மரியாதை உண்டா?
— வாசகர், செம்மேடு, கொல்லிமலை

பதில்: இதைக் கேட்கவே மனம் கூசியிருக்கும். ஆனாலும் இப்போதே கேட்டது நல்லது.

அவரது ஓய்வூதியத்தில் மாதந்தோறும் ‘குடும்பப் பாதுகாப்பு நிதி’ என்று ஒரு சிறு தொகை பிடித்திருப்பார்கள். தமிழக அரசின் அந்தத் திட்டத்தில் 50,000 ரூபாய் அம்மாவுக்கோ, அவர் இல்லையென்றால் நியமனதாரருக்கோ கிடைக்கும். விண்ணப்பித்த பிறகே வரும் என்பதால், அன்றைய செலவுக்குக் கையில் கொஞ்சம் பணம் வைத்திருங்கள்.

அதைவிடப் பெரியது அம்மாவின் குடும்ப ஓய்வூதியம். பொதுவாக அப்பாவின் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதத்தை அடிப்படையாக வைத்துக் கணக்கிடுவார்கள். ஓய்வூதியப் புத்தகத்தில் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடி இருக்கின்றனவா? எழுத்து மாறியிருந்தால் அப்பா கையெழுத்திடும் நிலையில் இருக்கும்போதே கருவூலத்தில் மனுக் கொடுங்கள். பிறகென்றால் அம்மாதான் மலையிறங்கி அலைய வேண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவுகள், அந்த வயதில்!

வீட்டில் இறந்தால் 21 நாளுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவு செய்யுங்கள். அரசு மருத்துவமனையில் என்றால் 155377-ஐ அழையுங்கள். இலவச அமரர் ஊர்தி வரும்.

குண்டு முழக்கம் பெரும்பாலும் பணியில் உயிர்நீத்தவர்களுக்கே நடக்கிறது. ஆனாலும் உங்கள் பகுதியின் வாழவந்திநாடு காவல் நிலையத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள். சீருடையில் நாலு பேர் வந்து மாலை வைப்பதைக் கேட்டுப் பெறத் தயங்காதீர்கள்.