பழைய இன்ஜினை டிசிசிக்கு மாற்றப் போகிறவனுக்கு

தம்பி, உன் கையில் இருக்கும் டிரை-ஆங் மாடல் ரயில் இன்ஜினை டிசிசி என்னும் டிஜிட்டல் முறையில் ஓட்டலாமா என்று கேட்டாய். தாராளமாக ஓட்டலாம். அதற்காக இன்ஜினுக்குள் பொருத்தும் டிகோடரை வாங்குமுன் நான் சொல்வதைக் கேட்டுக்கொள்.

1. முதலில் பழைய 12 வோல்ட் டிசியிலேயே நன்றாக ஓட்டிப் பழகு. திக்கித் திணறும் இன்ஜினை எந்த டிகோடரும் திருத்தாது. அதில் இருக்கும் எக்ஸ்04 மோட்டாரில் கம்யூட்டேட்டரின் மூன்று துண்டுகளுக்கு நடுவே கார்பன் பொடி அடைந்திருக்கும். பல் குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடு. தண்டுக்கு ஒரே ஒரு துளி மெல்லிய எண்ணெய். எண்ணெயை அள்ளிவிடுவது அன்பு ஆகாது.

2. டிகோடரே இல்லாமல் முகவரி பூஜ்யத்தில் ஓட்டலாம் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். எல்லா கன்ட்ரோலரிலும் அந்த வசதி கிடையாது. இருந்தாலும் விலகியே இரு. டிசிசி தண்டவாளத்தில் பதினைந்து வோல்ட்டுக்குப் பக்கத்தில் திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம் எந்நேரமும் இருக்கிறது. இன்ஜின் நின்றிருந்தாலும் மோட்டார் ரீங்காரமிட்டபடி சூடாகிக்கொண்டே இருக்கும். என் நண்பர் ஒருவர் இன்ஜினை அப்படியே நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார். கருகிய வாடைதான் அவரைத் திரும்பக் கூப்பிட்டது. உள்ளே இரும்பு இல்லாத கோர்லெஸ் மோட்டாருக்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம்.

3. இதுதான் பெரிய வேலை, பொறுமையாகக் கேள். பழைய இன்ஜினில் ஒரு பக்கத்துச் சக்கரங்கள் வழியே சேசிஸுக்கே மின்சாரம் வருகிறது. ஒரு பிரஷ் அந்தச் சேசிஸைத் தொட்டுக்கொண்டிருக்கும். டிசிக்கு அது சிக்கனமான ஏற்பாடு, டிகோடருக்கு எமன். எக்ஸ்04 மோட்டாரில் பிரஷ் ஸ்பிரிங்கின் ஒரு கைக்கு மட்டும் சின்ன இன்சுலேஷன் குழாய் மாட்டியிருப்பார்கள். மறு கைக்கும் ஒன்று மாட்டு. பிறகு சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. மல்டிமீட்டரை எடுத்து, இரண்டு பிரஷ்ஷிலும் தனித்தனியாக வைத்து, சேசிஸோடும் சக்கரங்களோடும் தொடர்பு இருக்கிறதா என்று பார். ‘பீப்’ என்றால் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘கொஞ்சம்தானே’ என்று விட்டுவிடாதே. இந்த வேலையில் கெட்டிக்காரன் என்பவன் இரண்டாம் முறையும் சோதிப்பவன்தான்.

4. இன்ஜின் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அளக்காமல் கடைக்குப் போகாதே. 12 வோல்ட்டில் ஓடவிட்டு, சக்கரத்தை ஒரு கணம் பிடித்து நிறுத்தி, ஆம்பியரைப் படி. இந்த அளவு வண்டிக்கு விற்கும் சாதாரண டிகோடர் தொடர்ந்து ஓர் ஆம்பியர் அளவுக்குத்தான் தாங்கும். சக்கரத்தைப் பிடிக்காமல் ஓடும்போதே உன் மோட்டார் அதைத் தாண்டினால் டிகோடரைக் குறை சொல்லாதே; காந்தம் வலுவிழந்திருக்கலாம், வலுவிழந்த காந்தம் மின்சாரத்தைக் கூடுதலாகக் குடிக்கும். காந்தத்துக்கு மறுபடி வலு ஏற்றினால் பல இன்ஜின்கள் அடங்கி ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

5. முதல் சோதனையைப் புரோகிராமிங் டிராக்கில் செய். அங்கே மின்சாரம் குறைவு. வயர் மாறியிருந்தாலும் பெரும்பாலும் புகை வராது. புது டிகோடர் முகவரி 3-இல்தான் வரும். அது பதில் சொல்லாவிட்டால், மெயின் லைனில் வைத்துப் பார்க்கலாமே என்று கை பரபரக்கும். அந்த நேரத்தில் எழுந்து போய் ஒரு டீ குடி.

6. எல்லா இன்ஜினையும் மாற்றியே தீர வேண்டும் என்று சட்டம் இல்லை. சில வண்டிகள் பழைய டிசி வட்டத்தில் ஓடுவதுதான் அழகு. அதற்கென்று ஒரு தனி வட்டம் போட்டுக்கொள், இரண்டு மின்சாரத்தையும் ஒரே தண்டவாளத்தில் சந்திக்க விடாதே. மாற்றுகிற வண்டியில் கழற்றும் கண்டென்சர், கிளிப், திருகு எதையும் எறியாதே. ஒரு சின்ன உறையில் போட்டு, எந்த இன்ஜினுடையது என்று எழுதி, அதன் பெட்டிக்குள்ளேயே வை. உனக்குப் பின்னால் வருகிறவன் அதைப் பழையபடி ஆக்க ஆசைப்படலாம்.