வீட்டிற்கு ஜெனரேட்டர் அமைத்தல்: செலவுக் கணக்கும் எச்சரிக்கையும்

2018ஆம் வருஷம் நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயலில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமடைந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரணியம் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்காய் மின்சாரம் இல்லை. கிணற்றில் தண்ணீர் இருந்தும் மோட்டார் ஓடாமையால் அது தொட்டிக்கு ஏறவில்லை. பல ஊர்களில் ஜெனரேட்டரை வாடகைக்கு அமர்த்தியே தொட்டிகளை நிரப்பினார்கள். இதை நினைந்து சொந்தமாய் ஒரு யந்திரம் வாங்கக் கருதும் குடியானவர், விலையை மட்டும் கேட்டுத் துணியாமல், அடியிற்கண்டவாறு கணக்கிட்டுப் பார்த்தல் நலம்.

யந்திரத்தின் அளவு

ஐந்து விளக்குகளுக்கு 45 வாட், மூன்று மின்விசிறிகளுக்கு 225 வாட், குளிர்பெட்டிக்கு 150 வாட், அரைக் குதிரைச்சக்தி மோட்டாருக்குச் சுமார் 600 வாட். ஆக மொத்தம் 1,020 வாட். ஆயினும் மோட்டார் புறப்படும் கணத்தில் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். ஆகையால் 3 கே.வி.ஏ. யந்திரம் வேண்டும். மோட்டாரை முதலிலும் மற்றவற்றைப் பின்னரும் போடுதல் வேண்டும். குறுவை நாற்றங்காலுக்கு நீர் இறைக்கும் 5 குதிரைச்சக்தி மோட்டாருக்கு இதைப்போல் மூன்று நான்கு மடங்கு யந்திரம் தேவையாதலால், அதனை வீட்டுக் கணக்கில் சேர்க்கலாகாது.

செலவு

விலைகள் இடத்திற்கும் தரத்திற்கும் தக்கபடி மாறும். கணக்கிடும் முறையைக் காட்டவே பின்வரும் தொகைகள் கொள்ளப்பட்டுள்ளன.

யந்திரம்: ரூ. 60,000
சேஞ்ச் ஓவர் சுவிட்சு, ஒயர், எர்த்து: ரூ. 8,000
மேடையும் கூரையும்: ரூ. 7,000
ஆக மொத்தம்: ரூ. 75,000

யந்திரம் பத்து வருஷம் உழைக்குமாயின் வருஷத்திற்கு ரூ. 7,500 தேய்மானம். ஆயில் மாற்றுதல், பழுது பார்த்தல் ஆகியவற்றிற்கு ரூ. 2,500. ஆக, யந்திரம் ஓடினும் ஓடாவிடினும் ரூ. 10,000 செலவாகும். மணிக்கு முக்கால் லிட்டர் பெட்ரோல் வீதம், லிட்டர் 100 ரூபாயாக, வருஷத்தில் 40 மணி நேரம் ஓட்டினால் மேலும் ரூ. 3,000. அதாவது மணி ஒன்றுக்கு 325 ரூபாய். இதில் எரிபொருளின் பங்கு 75 ரூபாயே. எஞ்சியது சும்மா நிற்கும் யந்திரத்தின் செலவு.

இதனைக் குறைக்க வழியுண்டு. அண்டையிலுள்ள நான்கு வீட்டார் கூடி, தூக்கிச் செல்லத்தக்க யந்திரமொன்றை வாங்கி, சுவிட்சும் ஒயரும் மட்டும் தனித்தனியே அமைத்துக்கொண்டால், வீடு ஒன்றுக்கு முதல் ரூ. 24,750; நிலைச்செலவு வருஷத்திற்கு ரூ. 3,100. எரிபொருளை அவரவர் ஊற்றிக்கொள்ளலாம். விளக்கும் விசிறியும் மட்டும் போதுமென்பாருக்கு, சில மணி நேரத் தடைக்கு பாட்டரியுடன் கூடிய இன்வெர்ட்டரே ஏற்றது.

எச்சரிக்கை

சேஞ்ச் ஓவர் சுவிட்சின் செலவை மிச்சம் பிடிக்கலாகாது. ஜெனரேட்டர் ஒயரைச் சுவரிலுள்ள பிளக்கில் சொருகினால், மின்சாரம் வீதிக் கம்பிக்குத் திரும்பி, டிரான்ஸ்பார்மரின் வழியே பல்லாயிரம் வோல்ட்டாக உயரக்கூடும். மின்சாரம் இல்லையென்று நம்பிக் கம்பம் ஏறிய தொழிலாளி அதனால் மாள்வான். ஆகவே உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே இணைப்பைச் செய்வித்தல் வேண்டும்.

புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற விஷவாயு. மழைக்கு அஞ்சி யந்திரத்தைத் தாழ்வாரத்திலோ மாட்டுக்கொட்டிலிலோ வைத்து ஓட்டலாகாது. ஜன்னல்களுக்கு 20 அடியேனும் அப்பால், வெள்ளம் ஏறிய அடையாளத்திற்கு மேலான மேடையில், மேலே கூரையிட்டு நாற்புறமும் திறந்த இடத்தில் வைக்கவேண்டும். சூடு ஆறிய பின்னரே எண்ணெய் ஊற்றவேண்டும்.

பல மாதம் தங்கிய பெட்ரோல் கெட்டு யந்திரத்தை அடைக்கும். ஆகையால் மாதம் ஒருமுறை கால் மணி நேரம் சுமையுடன் ஓட்டிப் பார்த்தல் அவசியம். புயல்மழைக் காலமாகிய ஐப்பசி பிறக்குமுன், புரட்டாசியிலேயே ஆயிலை மாற்றிப் புது எரிபொருள் நிரப்பி வைத்துக்கொள்வார்க்கே இச்செலவு பயன் தரும்.