விண்ணைக் காக்கும் விழிகள்

சோளக்காட்டில் கதிர் முற்றும் காலத்தில் பரண் கட்டிக் காவல் இருந்த கதையை நம் காங்கேயம் பக்கத்துப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பரண்மேல் இருப்பவர் பறவைக் கூட்டம் வரும் திசையைக் கூவிச் சொல்வார். கீழே நிற்பவர் ஓடிச் சென்று விரட்டுவார். நாட்டின் வான்வெளிக்கும் இத்தகைய பரண் உண்டு. அதுவே ராடார் நிலையம்.

ராடார் அனுப்பும் வானொலி அலை நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். விமானத்தின்மேல் பட்டதும் அதில் ஒரு சிறு பகுதி எதிரொலிபோல் திரும்பி வரும். 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள விமானத்தைத் தொட்டுத் திரும்ப, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே போதும்! அந்த நேரத்தை அளந்துதான் தொலைவைக் கணக்கிடுகின்றனர். ஆனால் அலை நேராகச் செல்ல, பூமியோ உருண்டையாக இருப்பதால், தாழப் பறக்கும் விமானம் தொலைவில் ராடாருக்குத் தென்படாது.

1965-ஆம் ஆண்டு இந்திய-பாகிஸ்தான் போரின்போது, எல்லையை ஒட்டிய அமிர்தசரஸில் நம் விமானப்படையின் 230-ஆவது சிக்னல் யூனிட் இருந்தது. அதன் தலைவர் விங் கமாண்டர் தண்டபாணி. விமானிகள் அந்நிலையத்தை அழைக்கும் குறிப்புப் பெயர் "ஃபிஷ் ஆயில்", அதாவது மீன் எண்ணெய்! செப்டம்பர் 3 அன்று, எதிரி ராடாரில் தெரியும்படி நமது மிஸ்டியர் விமானங்கள் உயரே பறந்தன. சிறிய நாட் விமானங்களோ தாழப் பறந்து மறைந்து வந்தன. எதிரியின் சேபர் விமானங்கள் நெருங்குவதை அமிர்தசரஸ் நிலையம் அறிவிக்க, நாட் விமானங்கள் மேலெழுந்து எதிர்த்தன.

அதன்பின் இந்த நிலையத்தை ஒழிக்கப் பாகிஸ்தான் விமானங்கள் மீண்டும் மீண்டும் தாக்கின. திரையின் முன் அமர்ந்திருப்பவர் எழுந்து ஓடிவிட்டால், வானில் இருக்கும் விமானிக்கு வழி சொல்வது யார்? ஆகவே, குண்டு விழும் வேளையிலும் அவர்கள் பணியில் நின்றனர். இந்தியப் பதிவுகளின்படி, நிலையம் தொடர்ந்து இயங்கியது. செப்டம்பர் 11 அன்று தாக்க வந்த பாகிஸ்தான் விமானி ஒருவர் உயிரிழந்தார். அவரும் ஒரு தாயின் மகனே. போரின் துயரத்தை நாம் மறத்தலாகாது.

அன்று அயல்நாட்டுக் கருவிகளை நம்பியிருந்தோம். பின்னர் நம் விஞ்ஞானிகளே ராடார் செய்து, ரோகிணி, பரணி, ஆருத்ரா என விண்மீன்களின் பெயர்களைச் சூட்டினர். ரோகிணி ராடார் 2008-இல் விமானப்படையில் சேர்ந்தது.

2019 பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தான் விமானங்கள் திரண்டு வந்தபோது, ராடார் திரையைப் பார்த்து நம் விமானிகளுக்கு வழிகாட்டியவர் யார் தெரியுமா? ஸ்குவாட்ரன் லீடர் மிண்டி அகர்வால் என்னும் பெண்மணி! யுத்த சேவா பதக்கம் பெற்ற முதல் பெண் அவரே.

தோழியரே, கூர்ந்து கவனித்தல், பதறாது தெளிவாகப் பேசுதல், இடம்விட்டு அகலாதிருத்தல் ஆகிய மூன்றுமே அவர்தம் படைக்கலன்கள். இவற்றை நம் வகுப்பறையிலேயே பழகலாம் அன்றோ?